படுக்க மறுத்த முட்கள்

கொன்றைக்காட்டின் ஓடைக்கரை மேட்டில் பூவாத்தாள் என்ற முள்ளம்பன்றி தன் குட்டி மொட்டுவோடு குடியிருந்தாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே நுழைந்து போகும் வளை அது. வாசல் குறுகல். உள்ளே நல்ல விசாலம்.

ஒரு நாள் சாயங்காலம் பூவாத்தாள் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுத்தை அவள்மேல் பாய்ந்தது. பூவாத்தாள் ஓடவில்லை. எல்லா முட்களையும் சிலிர்த்துக்கொண்டு, பின்பக்கமாகவே அதன்மேல் பாய்ந்தாள்! சிறுத்தையின் காலில் நாலு முள் ஏறியது. மூக்கில் ஒன்று.

"அம்மாடியோ!" என்று அலறிக்கொண்டு ஓடிய சிறுத்தை மூன்று மலை தாண்டித்தான் நின்றது. அதற்குப் பிறகு அது அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காடே பூவாத்தாளைக் கொண்டாடியது. மந்திகள் கைதட்டின. மயில் இரண்டு முறை ஆடியது. காட்டுப்பன்றிகள் வரிசையாக வந்து, கொஞ்சம் தள்ளி நின்று, வணக்கம் சொல்லிவிட்டுப் போயின.

எல்லாம் சரிதான். சிறுத்தை போய்விட்டது. ஆனால் முள் இறங்கவில்லை!

ஒரு நாள் ஆயிற்று. ஒரு வாரம் ஆயிற்று. ஒரு மாதமும் ஆயிற்று. பூவாத்தாளின் முதுகில் முட்கள் விறைப்பாக நின்றபடியே நின்றன. பலாப்பழம் விழுந்தால் சிறுத்தை என்று துள்ளினாள். அணில் தும்மினால் சிறுத்தை என்று துள்ளினாள். ஒரு முறை அவளே தும்மிவிட்டு, "யாரது?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

முள் மட்டுமா? நெஞ்சு மரங்கொத்தி கொத்துவதுபோல் அடித்தது. வாய் உலர்ந்தது. தொண்டையில் நெல்லிக்கொட்டை ஒன்று மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. எத்தனை முறை விழுங்கினாலும் அது போகவில்லை. வயிறு கடமுடவென்று உருண்டது. கழுத்து கட்டைபோல் ஆகிவிட்டது. பாதமெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் மரத்தது.

பூவாத்தாள் தினமும் நூறு தடவை கழுத்தைத் திருப்பி முதுகைப் பார்ப்பாள். "இறங்கிடுச்சா?" இறங்கியிருக்காது. "படு! படுன்னா படு!" என்று அதட்டுவாள். முட்கள் இன்னும் ஒரு விரல் உயரம் எழும்பும்!

இதில் பெரிய சங்கடம் வீட்டு வாசலில் இருந்தது. முள் நிற்கிறதே, வளைக்குள் எப்படி நுழைவது? பாறையைத் தோண்ட முடியுமா? தலை உள்ளே போகும். தோள் போகும். அப்புறம் "கிரீச்!" என்று முள் பாறையில் உரசி நிற்கும். அவ்வளவுதான். பூவாத்தாள் வாசலுக்கு வெளியே படுத்தாள். மொட்டு உள்ளே தனியாகப் படுத்தாள். கிழங்கை மூக்கால் உள்ளே உருட்டி விடுவாள் அம்மா. வாங்கிக்கொள்வாள் மகள்.

"அம்மா, நீ எப்ப உள்ள வருவே?"

"நாளைக்கு வந்துடுவேன்டி கண்ணு."

"நேத்தும் அப்படித்தானே சொன்னே?"

பூவாத்தாள் இன்னொரு கிழங்கை உள்ளே உருட்டி விட்டாள். தொண்டையில் அந்தக் கொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதானதுபோல் இருந்தது.

ஆனி மாதம் வந்தது. நாவல் மரங்கள் பழுத்துக் கறுத்தன. ஓடைக்கரையில் இருந்த பெரிய நாவல் மரத்தடியில் பூவாத்தாள் நடுங்கிக்கொண்டு நின்றிருந்தாள். மேலே ஒரு மந்தி கிளைக்குக் கிளை தாவியது. பொலபொலவென்று பழங்கள் உதிர்ந்தன. சதக்! சதக்! சதக்! ஒன்றுகூட மண்ணில் விழவில்லை. அத்தனையும் பூவாத்தாளின் முள்ளில் குத்தி நின்றன!

புதரிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தான் வல்லப்பன் என்ற நரி. அவனுக்கு நாவல் பழம் என்றால் உயிர். ஆனால் மரம் ஏறத் தெரியாது. கீழே விழும் பழத்திலோ பாதி மண், பாதி புழு. இங்கேயோ, மண் படாத பழம், முள்ளுக்கு ஒன்றாக! அவன் வாயில் எச்சில் ஓடை ஓடியது.

வல்லப்பன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"அம்மா! அசையாதீங்க! உங்களைப் பாத்தாலே தெரியுது. நெஞ்சு அடிக்குதா?"

"அடிக்குது ஐயா!"

"வயிறு உருளுதா?"

"உருளுது!"

"தொண்டையில ஏதோ இருக்கிற மாதிரி..."

"ஐயோ, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் வைத்தியன்மா! உங்களுக்கு வந்திருக்கிறது ஊர்த்துவ முள்வாயு. லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் வரும். கவனிக்கலைன்னா..." வல்லப்பன் அதற்குமேல் சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பூவாத்தாள் அவன் பக்கம் நகர்ந்தாள். "மருந்து இருக்கா?"

"இருக்கு. தினமும் காலையிலிருந்து உச்சிவரைக்கும் இந்த மரத்தடியில நிக்கணும். உங்க உடம்பு விஷம் முள் வழியா ஏறி இந்தப் பழத்துல இறங்கும். அந்தப் பழத்தை யாராவது தின்னாத்தான் விஷம் ஒழியும். யாரு திம்பா? நானே தின்னுடறேன். என்ன செய்யறது, வைத்தியனாப் பொறந்தாச்சு!"

சொல்லிவிட்டு முதுகிலிருந்த பழத்தை ஒவ்வொன்றாகப் பறித்துத் தின்றான். இருபத்தேழு பழம். பிறகு நாக்கை நீட்டினான். நாக்கு கரு நீலம்!

"பாத்தீங்களா? எல்லாம் உங்க விஷம்!"

பூவாத்தாள் அழுதேவிட்டாள். "எனக்காக இவ்வளவு கஷ்டப்படறீங்களே, வைத்தியரே!"

மறுநாளிலிருந்து சிகிச்சை ஆரம்பித்தது. வல்லப்பன் ரொம்பக் கவனமான வைத்தியன். ஏதாவது ஒரு முள் லேசாகச் சாய்ந்தால் போதும், மூக்கை உறிஞ்சி, "சிறுத்தை வாடை அடிக்குதோ?" என்பான். அவ்வளவுதான்! முட்கள் அத்தனையும் விறைத்து எழும். சதக்! சதக்! பழம் நிறையும். நரியின் வயிறும் நிறையும். பூவாத்தாள் மட்டும் நாளுக்கு நாள் இளைத்தாள்.

பக்கத்துப் புற்றோரம் ஓடப்பன் என்று ஒரு எறும்புத்தின்னி இருந்தான். கலகலப்பானவன். ஒரு நாள் பூவாத்தாள் வாசலில் தலையை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டு கிடப்பதைப் பார்த்தான்.

"என்னக்கா இது? பாதி வீட்டுக்குள்ள, பாதி ரோட்டுல?"

பூவாத்தாள் எல்லாவற்றையும் சொன்னாள். நீல நாக்கையும் சொன்னாள்.

ஓடப்பன் சிரித்த சிரிப்பில் அவன் செதில்களெல்லாம் கலகலத்தன. "நீல நாக்கா? அக்கா, ஆனி மாசத்துல இந்தக் காட்டுல யாரு நாக்கு நீலமா இல்லை? அந்த மந்திங்களை நாக்கை நீட்டச் சொல்லிப் பாரு! எல்லாம் உன் விஷமா?"

"அப்போ இந்த நெஞ்சு ஏன் அடிக்குது? தொண்டையில கொட்டை எப்படி வந்துச்சு?"

"வாயைத் திற." ஓடப்பன் எட்டிப் பார்த்தான். முழ நீளமுள்ள தன் நாக்கையும் உள்ளே விட்டுத் துழாவினான். "ஒண்ணும் இல்லை. நேத்து தின்ன கிழங்கு வாசனை மட்டும் இருக்கு. அக்கா, இது பயத்தோட வேலை. சிறுத்தை போயிடுச்சுன்னு உனக்குத் தெரியும். உன் உடம்புக்கு இன்னும் தெரியலை. அது இன்னும் சண்டைக்குத் தயாரா நிக்குது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கே வந்துச்சே! போன வருஷம் என் புற்றுக்குப் பக்கத்துல இடி விழுந்துச்சு. உருண்டையாச் சுருண்டேன். சுருண்டவன் விரியவே இல்லை. நாலு நாள்! விரி, விரின்னு என்னை நானே திட்டினேன். இன்னும் இறுகிப்போனேன். சரிவுல உருண்டு போய் காட்டுப்பன்றி புரள்ற சேத்துக்குழியில விழுந்தேன். ஒரு பன்றி என்னைப் பலாப்பழம்னு நினைச்சு மோந்து பாத்துச்சு!"

அத்தனை கவலையிலும் பூவாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்புறம் எப்படி விரிஞ்சே?"

"திட்டித் திட்டிச் சலிச்சுப் போச்சு. சுருண்டே கிட, எனக்கென்னன்னு விட்டுட்டேன். அப்போ ஒரு எறும்பு மூக்குமேல ஏறிச்சு. நக்கினேன். இன்னொண்ணு வந்துச்சு. அதையும் நக்கினேன். பெருமூச்சு ஒண்ணு வந்துச்சு. நாலாவது எறும்புக்கு வால் தன்னால அவிழ்ந்துடுச்சு!"

பூவாத்தாள் யோசித்தாள். "நான் என்ன செய்யணும்?"

"முள்ளை அதட்டாதே. திரும்பித் திரும்பிப் பாக்காதே. மூச்சை மெதுவா இழு. விடும்போது அதைவிட மெதுவா விடு, பாம்பு சீறுற மாதிரி, உஸ்ஸ்ஸ்னு. விடும்போதே தாடையைத் தளர்த்து. அப்புறம் கழுத்து. அப்புறம் தோள். பசிச்சாலும் பசிக்காட்டாலும் நேரத்துக்குக் கொஞ்சம் தின்னு. காலையும் சாயங்காலமும் ஓடைக்கரையில ஒரு நடை நட. நடுக்கம் வந்தா வரட்டும். நீ பாட்டுக்கு நட."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஆனா ஒரே நாள்ல ஆகாது."

முதல் நாள் பூவாத்தாள் உஸ்ஸ்ஸ் என்றாள். பக்கத்தில் மேய்ந்த முயல், பாம்பு என்று நினைத்து மூன்று முழம் எகிறியது. முயல் எகிறியதைப் பார்த்துப் பூவாத்தாள் எகிறினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டே ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள்.

இரண்டாம் நாள் பரவாயில்லை. ஐந்தாம் நாள் ஓடைக்கரையில் நடக்கும்போது கழுத்து கொஞ்சம் இளகியதுபோல் இருந்தது. ஒரு கிழங்கு முழுசாக வயிற்றில் தங்கியது. எட்டாம் நாள் காலை, வாசலில் அவள் தோளையும் தாண்டி ஒரு சாண் உடம்பு உள்ளே போனது!

"அம்மா! உன் வயிறு தெரியுது!" என்று மொட்டு உள்ளிருந்து குதித்தாள்.

ஆனாலும் பூவாத்தாளுக்கு நரியின் வைத்தியத்தை விட மனமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அன்றும் மரத்தடிக்குப் போனாள். வல்லப்பன் முதுகைப் பார்த்தான். முள் சாய்ந்திருந்தது. பழம் எண்ணி ஒன்பதுதான் நின்றது. நரிக்குத் திக்கென்றது.

"ஐயய்யோ! அம்மா, முள் இறங்குதே!"

"ஆமாம் ஐயா, நல்லதுதானே?"

"நல்லதா? இதுதாம்மா கடைசிக் கட்டம்! முதல்ல இறங்கும். அப்புறம் உதிரும். அப்புறம்... குழந்தைக்கு யாரு இருக்கா?"

பூவாத்தாளின் நெஞ்சு பட்டென்று அடித்தது. முட்கள் குப்பென்று எழுந்தன. எட்டு நாள் இறங்கியது ஒரே நொடியில் ஏறிவிட்டது!

அந்த நேரம் பார்த்து வானம் இருண்டது. மலைக்குமேல் மழை பிடித்துக்கொண்டது. காற்று நாவல் மரத்தைப் பிடித்து உலுக்கியது. பழங்கள் ஆலங்கட்டிபோல் கொட்டின. பூவாத்தாளின் முதுகு முழுக்க நாவல் பழம்! ஓடையைப் பார்த்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் பொங்கி வந்தது.

"மொட்டு!"

பூவாத்தாள் ஓடினாள். நாவல் மரத்துக்கே கால் முளைத்து ஓடுவதுபோல் இருந்தது. பின்னாலேயே வல்லப்பன் ஓடினான். "அம்மா! ஓடறதுன்னா ஓடுங்க! பழத்தை மட்டும் கொடுத்துட்டு ஓடுங்க!"

வாசலை அடைந்தாள். தலையை விட்டாள். கிரீச்! தோளோடு நின்றது. உள்ளே களகளவென்று தண்ணீர்ச் சத்தம். ஓடை ஏறி, வளையின் பின்சுவர் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது.

"மொட்டு! வெளிய வாடி!"

"கால் வரமாட்டேங்குதும்மா! நடுங்குது!"

சத்தம் கேட்டு ஓடப்பன் உருண்டு வந்தான். "நகருக்கா, நான் போறேன்!" செதில் சரசரக்க உள்ளே புகுந்தான். இருட்டில் அந்தச் சரசரப்பைக் கேட்ட மொட்டு, "ஐயோ பாம்பு!" என்று அலறிக்கொண்டு இன்னும் பின்னால் போய்விட்டாள். ஓடப்பன் சேறும் சகதியுமாக வெளியே வந்தான்.

"அக்கா, நான் கிட்டப் போகப் போக அவ பின்னாடி போறா. தண்ணி பின்னாடிதான் இருக்கு. மேலேயிருந்து தோண்டினா ஈர மண்ணு சரிஞ்சு குழந்தை மேல விழுந்துடும். நீதான் போகணும்."

"முள் இறங்கலையே ஓடப்பா! படு! படேன்! ஐயோ, படு!"

சொல்லிக்கொண்டே மறுபடியும் வாசலில் முட்டினாள். முட்கள் விறைத்தன. இரண்டு பாறைக்கும் நடுவில் பூவாத்தாள் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் மாட்டிக்கொண்டாள். மூச்சு முட்டியது. கண் இருண்டது. செத்துவிடுவோம் என்றே நினைத்தாள்.

அப்போது உள்ளிருந்து மொட்டுவின் பல் கிடுகிடுவென்று அடிக்கும் சத்தம் கேட்டது.

பூவாத்தாள் அதட்டுவதை நிறுத்தினாள்.

"சரி. நிக்கிறதுன்னா நில்லு," என்று தன் முள்ளிடம் சொன்னாள். "நெஞ்சே, அடிக்கிறதுன்னா அடி. நடுக்கமா? நடுங்கு. எனக்கு வேலை இருக்கு."

மூச்சை மெதுவாக இழுத்தாள். உஸ்ஸ்ஸ்ஸ்ஸ் என்று விட்டாள். தாடை தளர்ந்தது. மறுபடியும் உஸ்ஸ்ஸ்ஸ்ஸ். உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. இந்த முறை அவள் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. நடுங்க விட்டாள். பொலபொலவென்று நாவல் பழமெல்லாம் உதிர்ந்தது! வல்லப்பன் தலைகீழாகப் பாய்ந்து பொறுக்க ஆரம்பித்தான்.

இன்னொரு உஸ்ஸ்ஸ்ஸ்ஸ். கழுத்து இளகியது. தோள் இறங்கியது. முள் முழுசாக இறங்கவில்லை. பாதிதான் சாய்ந்தது. நெஞ்சு இன்னும் தடதடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பாதி சாய்ந்தால் போதும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலையைத் தாழ்த்தி ஒரு தள்ளுத் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போய் விழுந்தாள்!

இரண்டு மாதமாகப் பார்க்காத வீடு. பாதம் வரை தண்ணீர். மூலையில் மொட்டு உருண்டையாகச் சிலிர்த்து நின்றாள். அவளுடைய குட்டி முட்களும் விறைத்திருந்தன.

"வாடி!" என்று கத்த வாயெடுத்தவள் கத்தவில்லை. பக்கத்தில் போய் மூக்கோடு மூக்கு வைத்தாள்.

"மொட்டு, பாம்பு மாதிரி மூச்சு விடலாமா? அம்மா பெரிய பாம்பு. நீ குட்டிப் பாம்பு."

"உ... உ... உஸ்."

"இது புழு. பாம்பு இன்னும் நீளம்."

"உஸ்ஸ்ஸ்ஸ்!"

"ஆ! இதுதான் பாம்பு!"

மொட்டுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் முன்னங்கால் ஒன்று அசைந்தது. அப்புறம் இன்னொன்று. "அம்மா, உன்மேல நாவல் பழ வாசனை அடிக்குது," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். அம்மா பின்னாலிருந்து மூக்கால் தள்ளினாள். வாசலில் ஓடப்பன் தன் நீள நாக்கை நீட்டி மொட்டுவின் மூக்கை ஒரு நக்கு நக்கி வரவேற்றான்.

அவர்கள் மேட்டில் ஏறி நின்றபோது ஓடை வளைக்குள் திபுதிபுவென்று புகுந்தது.

வல்லப்பன் நனைந்தபடி பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான். பூவாத்தாள் அவனைப் பார்த்தாள். "வைத்தியரே, இனிமே என் விஷத்தை நானே பாத்துக்கிறேன். உங்களுக்கு ஏன் சிரமம்?"

நரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். "வ்வ்..." என்று குமட்டல்தான் வந்தது. இருநூறு நாவல் பழம் வயிற்றில் இருந்தது! அடுத்த மூன்று நாள் அவன் புதரை விட்டு நகரவில்லை. புதரும் அவனை மறக்கவில்லை.

மழை ஓய்ந்ததும் ஓடப்பன் மேட்டின் உச்சியில் அவர்களுக்குப் புது வளை தோண்டிக் கொடுத்தான். அதற்குள் போன அன்றே பூவாத்தாளின் முட்கள் முழுசாக இறங்கிவிடவில்லை. கார்த்திகை வரை ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருந்தன. சில நாள் ஒரு சருகு அசைந்தாலே நிற்கும். அப்போதெல்லாம் அவள் கழுத்தைத் திருப்பிப் பார்க்காமல், மூச்சை விட்டுக்கொண்டு, தோண்ட ஆரம்பித்த கிழங்கைத் தோண்டி முடிப்பாள். முடிக்கும்போது முள் எப்போது படுத்தது என்று அவளுக்கே தெரியாது.

ஒரு மத்தியானம் மொட்டு அவள் வயிற்றோடு ஒட்டிப் படுத்திருந்தாள். காதை அம்மாவின் நெஞ்சில் வைத்துக் கேட்டாள்.

"அம்மா, உள்ள தடதடன்னு அடிக்குதே! பயமா இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு. அடிக்கட்டும், நீ தூங்கு."

மொட்டு தூங்கினாள். கொஞ்ச நேரத்தில் பூவாத்தாளும் தூங்கிப்போனாள்.

பயத்தில் விறைத்த உடம்பை அதட்டினால் அது இன்னும் விறைக்கும். நடுங்க விட்டு, மூச்சை நீளமாக விட்டு, ஆக வேண்டிய வேலையைப் பார்த்தால், அது மெல்ல மெல்லத் தானாகவே அடங்கும்.